தம்ளரில் தெரியும் குற்றவாளி

புதுக்கோட்டைப் பக்கம் கத்தரியோ, தக்காளியோ, மிளகாயோ போட்டிருக்கும் வாசகர்களுக்கு இந்த வாரம் ஒரு விஷயம். நேற்று மாலை வரை பச்சைப் பசேலென்று நின்ற செடி, இன்று உச்சி வெயிலில் தலை சாய்ந்து துவள்கிறது. தண்ணீர் விட்டாலும் நிமிரவில்லை. இலையில் பூச்சி கடித்த தடமும் இல்லை. உடனே கடைக்கு ஓடிப் பூஞ்சாண மருந்து வாங்கி வருவீர்கள், இல்லையா? சற்றுப் பொறுங்கள்.

வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டுங்கள். தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடித் தம்ளரில், வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிஷங்களில் பால் போன்ற வெண்ணிழைகள் கீழே இறங்கினால், குற்றவாளி பாக்டீரியா. நீர் ஏறும் குழாய்களை அடைத்துச் செடியைத் தாகத்திலேயே கொல்லுகிற கிருமி அது. பூஞ்சாண மருந்துக்கு அது அசையாது. உங்கள் காசுதான் கரையும்.

அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் 1896-ல் இந்தக் கிருமியை வர்ணித்தார். 1995 முதல் அதற்கு 'ரால்ஸ்டோனியா' என்று பெயர். உருளைக்கிழங்கு, இஞ்சி, நிலக்கடலை என்று 200-க்கும் மேற்பட்ட பயிர் பச்சைகளை அது தாக்கும். ஆனால் அது ஒற்றை ஆள் அல்ல, ஒரு பெரிய குடும்பம். 2005-ல் விஞ்ஞானிகள் அதை ஆசியா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தோனேஷியா என்று நான்கு கிளைகளாகப் பிரித்தார்கள். 2014-ல் அவை மூன்று தனி இனங்கள் என்று கண்டார்கள்.

"பண்டிதர்கள் பங்கு பிரித்தால் நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். ஓர் ஊரில் நோய் தாங்கி நிற்கும் ரகம், வேறு ஊரில் மடிந்துவிடுவது உண்டு. அங்கே இருக்கும் கிருமி வேறாக இருக்கலாம். வெளிநாட்டுக் கிருமி செடியோடு பிரயாணமும் செய்யும். 2003-ல் கென்யாவிலிருந்து போன ஜெரேனியம் பூச்செடித் துண்டுகளோடு அமெரிக்காவுக்குள் நுழைந்தது. எந்த ஊரில் எந்தக் கிளை என்று படம் வரைந்து வைத்தால்தான், இன்ன ஊருக்கு இன்ன ரகம் என்று சொல்ல முடியும். புதிதாக வந்தவனையும் அடையாளம் காண முடியும்.

மண்ணில் குடியேறிய பிறகு இதை ஒழிக்க மருந்து இல்லை. வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் மடை கட்டுங்கள். கத்தரி எடுத்த இடத்தில் தக்காளி, மிளகாய் வேண்டாம். நெல், சோளம் போடுங்கள். நம் வீட்டுச் சுண்டைக்காய்ச் செடியும் கைகொடுக்கும்: அதன் வேர்மேல் ஒட்டுக் கட்டிய கத்தரி இந்த நோயை நன்றாகத் தாங்குகிறது.

எரிப்பதற்கு முன் ஒரு செடியை மட்டும் பையில் கட்டி, ஆலங்குடிப் பக்கம் வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி யோசனை கேளுங்கள். வாய்க்காலில் எறிந்த செடி ஊருக்கெல்லாம் நோயைக் கொண்டுபோகும். பையில் போகும் செடியோ, அந்தப் படத்தில் உங்கள் ஊருக்கும் ஒரு புள்ளி வைக்க உதவும்.