சம்மட்டியும் சிம்மாசனமும்

திரும்பத் திரும்பச் செய்தால் திறமை தானே வரும் என்கிறோம். அவ்வளவுதானா? 1920களில் மாஸ்கோ மத்திய உழைப்பு நிறுவனத்தில் தொழிலாளரின் சம்மட்டி வீச்சைப் படம்பிடித்து அளந்தார் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன். அடி விழுந்ததோ ஒரே இடம். கைமூட்டுகள் அசைந்ததோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம்! பயிற்சி மனப்பாடமன்று, ஒவ்வொரு முறையும் புதிதாய்த் தீர்வு காண்பதே என்றார் அவர்.

1948இல் ஸ்டாலின் பரிசு பெற்றார். 1950இல் பாவ்லவ் கொள்கையே வேதமென்று அரசு முழங்கியபின் ஆய்வுக்கூடத்தை இழந்தார். 1940களில் அவர் எழுதிய திறன் பற்றிய நூல் 1991இல்தான் அச்சேறியது; அவரோ 1966லேயே மறைந்துவிட்டார்.

அளந்து கண்டதை அளந்தே மறுக்க வேண்டும், ஆணையிட்டு மறுக்கலாகாது. மைதானத்திலும் வகுப்பிலும் மனப்பாடத்தையே நம்பும் நாம், நண்பர்களே, இதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமா?