பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு லீவு?

தேர்வாய் கண்டிகை என்றதும் பலருக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, மிஷலின் டயர் தொழிற்சாலை இருக்கும் சிப்காட். இன்னொன்று, 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 500 மில்லியன் கன அடி கொள்ளளவு. சென்னையின் குடிநீருக்காகக் கட்டியது.

தண்ணீர் மட்டுமா சென்னைக்குப் போகிறது? நாள்பட்ட நோயுள்ள பிள்ளையைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால், இந்தப் பக்கத்து அப்பா அம்மாவும் பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டும். பஸ் பிடித்து கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து மின்சார ரயிலில் சுமார் 48 கிலோமீட்டர் சென்ட்ரல், பிறகு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை, மருந்து வரிசை... வீடு திரும்பும்போது ஒரு நாள் போயே போய்விடும். நைட் ஷிப்டு முடித்து வந்த அப்பா என்றால் தூக்கமும் போச்சு!

முதல் வகை சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. தினமும் பல முறை ஊசி, அடிக்கடி விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திருவிழாவுக்குச் சொந்த ஊர் போவதென்றாலும், முதலில் யோசிக்க வேண்டியது புதுத்துணியை அல்ல, அங்கே பிரிட்ஜ் இருக்கிறதா என்பதைத்தான். இதற்கு நடுவில் இன்னொரு பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டில் வயதானவர்கள், சமையல் எல்லாம் இருக்கிறது.

சரி, சட்டம் என்ன தருகிறது? மத்திய அரசில் வேலை பார்க்கும் தாய்க்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தந்தைக்கும் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு? பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் சரி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் சரி, 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு. கல்யாணமும் சாவும் ஆஸ்பத்திரியும் எல்லாம் அதற்குள்தான். இ.எஸ்.ஐ. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும். ஆனால் சம்பள இழப்புக்குத் தரும் நோய்க்காலப் பணம் தொழிலாளி படுத்தால் மட்டுமே, பிள்ளை படுத்தால் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை தனியாக ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்ன?

கடைசியில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் அம்மா வேலையை விடுகிறாள். செலவு கூடும் நேரத்தில் ஒரு சம்பளம் குறைகிறது.

"ஆளாளுக்கு லீவு கேட்டால் உற்பத்தி என்ன ஆவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லீவு இல்லாததால் யாரும் பிள்ளையை விட்டுவிடப் போவதில்லை, சொல்லாமல் நின்றுவிடுவார்கள். நாள்பட்ட நோய்க்கு அடுத்த செக்கப் தேதி முன்பே தெரியும். அதை வைத்து ஷிப்டை மாற்றிக்கொடுப்பது அவ்வளவு கஷ்டமா?

செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. நாள்பட்ட நோயுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு, அப்பா அம்மா இருவருக்குமே, வருடத்துக்குச் சில நாள் தனி விடுப்பு. மாதம் ஒரு ஞாயிறாவது கும்மிடிப்பூண்டியிலேயே குழந்தைகள் நோய்க்கு சிறப்பு டாக்டர். தொழிற்பேட்டைக்குச் சாலையும் மின்சாரமும் திட்டமிட்டுக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் திட்டமிடத் தெரியாதா? சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊருக்குச் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்தால் தப்பில்லையே!