ஒப்புக்கொள்ளுமுன் ஒரு கணம்

“குற்றத்தை ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.” நீதிமன்ற வாயிலில் ஏழை எளியோர் செவியில் விழும் அறிவுரை இது. வாய்தாவுக்கு வாய்தா அலைந்து சலித்தோரும், ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சுவோரும் இதற்கு இணங்கிவிடுகின்றனர். அந்த ஒரு சொல்லால் அவர்கள் இழப்பது யாது என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

விசாரணைக்குப்பின் தண்டனை பெற்றவர், தாம் குற்றவாளி அல்லர் என்று மேல்முறையீட்டில் வாதிடலாம். குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவருக்கோ அவ்வாயில் அடைபடுகிறது. தண்டனை மிகுதி என்றோ, அது சட்டத்திற்குப் புறம்பானது என்றோ மட்டுமே அவர் முறையிடலாம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு இவ்வாறு விதித்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவும் அதையே கூறுகின்றது.

ஆயினும் ஆசை காட்டிப் பெற்ற ஒப்புதலை நீதி ஏற்பதில்லை. கர்நாடகத்தில் ஒருவர், இலேசான தண்டனை கிடைக்கும் என்னும் உறுதியை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதத்தோடு விடப்பட்டார். அரசின் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இது அரசியலமைப்பின் 21ஆம் விதிக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. எனினும் இத்தகைய நிவாரணம் பெற அவர் உச்ச நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்ததன்றோ?

ஆகவே, ‘ஆம்’ என்று சொல்லுமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே அறிவுடைமை. வசதியற்றோர் கேளாவிடினும் அவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டென்பதை நீதிமன்றம் அறிவிக்கவேண்டும் என 1986இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி அவ்வுதவிக்கு உரியவர்கள். 15100 என்னும் எண்ணில் தொலைபேசி வழியாகவும் கேட்டறியலாம். குற்றச்சாட்டு விளங்காவிடில், விளங்கவில்லை என்று நடுவரிடம் துணிந்து கூறலாம்.

தவறிழைத்தவர் அதனை மனமறிந்து ஒப்புக்கொள்வது போற்றத்தக்கதே. செய்யாத குற்றத்தை அவசரத்தால் ஏற்பவரோ, ஒரு நாள் அலைச்சலைத் தவிர்த்து, வாழ்நாள் முழுவதும் குற்றவாளி என்னும் பெயரைச் சுமக்கிறார். நம் இல்லத்தாருக்கும் அயலாருக்கும் இதனை எடுத்துரைப்போமாக.