குறி தப்பாமல் சுடக் காசு வேண்டுமா?

கம்ப்யூட்டரில் சுடும் ஆட்டம் ஆடும் நம்மில் பலருக்கு, விலையுயர்ந்த மவுஸ் வாங்கினால் குறி தப்பாது என்ற எண்ணம் உண்டு. நான் மரக்காணம் உப்பளத் தொழிலாளியின் மகன். ஐப்பசி மழை பிடிச்சா உப்பளத்துல வேலை நின்னுடும், வீட்டில் கூலி வராது. அந்த வீட்டில் போய் மவுஸுக்குக் காசு கேட்பதா? தேவையே இல்லை என்பது என் கருத்து.

கண் பார்த்து விரல் அழுத்தச் சுமார் 200 மில்லி செகண்ட் ஆகிறது. எவ்வளவு பழகினாலும் இது கொஞ்சந்தான் குறையும். கெட்டிக்காரன் செய்வதே வேறு. எதிரி வரக்கூடிய மூலையில், தலை உயரத்தில், குறியை முன்கூட்டியே வைத்திருப்பான். பிறகு நகர்த்த வேண்டியது நூலளவுதான். 2003-இல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆனாலும், 2020-இல் வந்த வாலரன்ட் ஆனாலும், ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்று சுட வேண்டும். இதற்கெல்லாம் என்ன செலவு?

மவுஸ் சென்சிடிவிட்டியைத் தினம் மாற்றாதீர்கள். உப்பு வாரும் பலகையை தினம் ஒண்ணா மாத்தினா எங்கப்பா கையே தடுமாறும்!

இது சூதாட்டமும் அல்ல. 2025-ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடுத்தது. ஈ-ஸ்போர்ட்ஸைப் போட்டி விளையாட்டாக ஏற்றது.

ஆகவே நண்பர்களே, இருக்கிற மவுஸிலேயே தினம் அரைமணி பழகுவோம். மவுஸுக்கான காசு மழைக்காலத்து அரிசிக்கு இருக்கட்டும்.