கொடுவாக் குஞ்சுகள் சுழன்று சாகின்றன, என்ன மருந்து?

கேள்வி: ஒரு அங்குலக் கொடுவாக் குஞ்சுகளை வாங்கி, குளத்தில் ஹாப்பா வலை கட்டி விட்டேன். எட்டாம் நாளிலிருந்து உடல் கறுத்து, சுழன்று சுழன்று நீந்திச் சாகின்றன. கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்தும் சாவு நிற்கவில்லை. வேறு என்ன மருந்து போடலாம்?
- வாசகர், சீர்காழி வட்டாரம்

பதில்: வேறு எந்த மருந்துக்கும் செலவு செய்யாதீர்கள். ஆன்டிபயாடிக்கையும் இன்றே நிறுத்துங்கள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்த செடியை மருந்தடித்துத் தேற்ற முடிகிறதா? அதே கதைதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வி.என்.என். எனப்படும் நரம்பு நசிவு நோயைக் காட்டுகின்றன. இதற்குக் காரணம் நோடா வைரஸ். மூளையையும் விழித்திரையையும் அது தாக்குவதால்தான் குஞ்சு நிலை தடுமாறிச் சுழல்கிறது, வயிறு மேலாக மிதக்கிறது. பிராணவாயு குறைந்தால் விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளக்கும், சுழலாது. பெரியது சிறியதை விழுங்கினால் எண்ணிக்கை குறையும்; இத்தனை பிணம் மிதக்காது.

ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்டக்கூடாது. சாகும் நிலையில் உள்ள குஞ்சுகளை பி.சி.ஆர். பரிசோதனைக்குக் கொடுங்கள். செத்து நாறியவை உதவாது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தையோ (சீபா) நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ கேட்டால், மாதிரியை எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள்.

நோய் உறுதியானால், பிழைத்த குஞ்சுகளைப் பக்கத்துப் பண்ணைக்கு விற்று முதலில் பாதியையாவது எடுக்கலாமே என்று தோன்றும். கூடாது. அவை தெளிவாக நீந்தினாலும் வைரஸைச் சுமக்கும். உங்கள் குளத்திலேயே வளர்த்துச் சந்தைக்கு அனுப்புங்கள். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. தாய்மீனாக மட்டும் யாருக்கும் தராதீர்கள், முட்டை வழியாகவும் பரவும். செத்தவற்றைச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். வலையையும் வாளியையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். பிளீச்சிங் போட்டுச் சில நாள் விடாமல் குளத்து நீரை வாய்க்காலில் திறக்காதீர்கள்.

அடுத்த முறை, முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தத் தொகுதிக் குஞ்சுகளின் பி.சி.ஆர். அறிக்கையைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம். இந்நோய்க்கு சீபா ஊசி வழித் தடுப்பூசி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தாய்மீன்களுக்கு அதைப் போட்டிருக்கிறார்களா என்றும் பொரிப்பகத்தில் விசாரியுங்கள். இப்போது சாகும் குஞ்சுகளுக்கு அது பயன்படாது.