கட்டிய கைகளும் சுட்டும் விரல்களும்

மொழி நாவில் மட்டும் பிறப்பதன்று, மெய்யிலும் பிறப்பது. இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயலை அமைத்து, நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துக் காட்டினார். வள்ளுவர் பெருந்தகை 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்களைப் படைத்தார். ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். மற்றொன்று காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். அரசவையிலும் சரி, அகவாழ்விலும் சரி, சொல்லாத சொல்லைக் கண்டறியும் திறனை நம் முன்னோர் அறிவின் ஒரு கூறாகவே மதித்தனர்.

அத்தகைய மரபில் வந்த நாம், பள்ளிக்கு முதன்முதலாக அடியெடுத்து வைக்கும் குழந்தைக்கு இடும் முதற்கட்டளை யாது? 'கையைக் கட்டு, வாயில் விரலை வை' என்பதே. குழந்தை அறிந்த இரண்டு மொழிகளையும் ஒரே மூச்சில் அடைத்துவிடுகிறோம். இதனை ஒழுக்கப் பயிற்சி என்று பலர் கருதுகின்றனர். கல்விக்கு நாமே இடும் தடை என்பது நம் கருத்து. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம்பார்த்த பூமியில் வளரும் குழந்தைகளை முன்னிறுத்தி இக்கருத்தை எடுத்துரைக்க விழைகிறோம்.

சுட்டுவிரலின் சிறப்பு

குழந்தை முதற்சொல்லை உரைக்கும் முன்னரே விரலால் பேசத் தொடங்கிவிடுகிறது. 1975ஆம் ஆண்டில் எலிசபெத் பேட்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் இத்தாலிய உடனாய்வாளர்களும் குழந்தையின் குறிப்புகளை இருவகையாகப் பிரித்துக் காட்டினர். 'அதனை எனக்கு எடுத்துக் கொடு' என்று கேட்பது ஒருவகை. 'அதோ, நீயும் பார்' என்று காட்டுவது மற்றொரு வகை. முன்னது தேவை, பின்னது பகிர்வு. தான் கண்டதைப் பிறரும் காணவேண்டும் என்னும் அந்த வேட்கையே கல்வியின் வித்து எனலாம்.

இப்பண்பு ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரியதன்று. உல்ஃப் லிஸ்கோவ்ஸ்கி முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பாப்புவா நியூகினி, இந்தோனேசியா, ஜப்பான், பெரு, மெக்சிகோ, கனடா ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஏழு சமுதாயங்களில் 10 முதல் 14 திங்கள் வரையிலான குழந்தைகளை ஒப்புநோக்கியது. ஏழிலும் குழந்தைகள் சுட்டின, வளர்ப்போரும் சுட்டினர்.

நம் இலக்கணம் அ, இ, உ ஆகியவற்றைச் சுட்டெழுத்துகள் என்கிறது. விரல் செய்த வேலையை நா ஏற்றுக்கொண்ட நிலை அது. பிள்ளைத்தமிழ் இலக்கியமோ, ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணிப் பருவத்தையும், பதினைந்தாம் திங்களில் நிலவை அழைக்கும் அம்புலிப் பருவத்தையும் வைத்து மகிழ்ந்தது. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்விலக்கிய வகையைப் பாடி வளம் சேர்த்துள்ளனர். நிலவைச் சுட்டிச் சோறூட்டும் தாய் எந்தச் சமயத்தவளாயினும் செய்வது ஒன்றே: தன் பார்வையையும் குழந்தையின் பார்வையையும் ஒரு பொருளின்மீது சேர்த்து வைக்கிறாள்.

நான்கு ஊர்கள் காட்டிய பாடம்

எல்லாக் குழந்தைகளும் சுட்டுகின்றன என்றால், எல்லாக் குழந்தைகளும் ஒரே வகையில் கற்கின்றனவா என்னும் வினா எழுகிறது. இதற்கு விடை தேடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்க உளவியல் பேராசிரியர் பார்பரா ரோகாஃப். இந்தியாவைச் சேர்ந்த ஜயந்தி மிஸ்திரி, துருக்கியைச் சேர்ந்த கல்வியியல் பேராசிரியர் அர்டின் கோஞ்சு, கிறிஸ்டின் மோசியர் ஆகியோருடன் இணைந்து அவர் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குவாத்தமாலா நாட்டு மாயா இனத்தவரின் சான் பெட்ரோ, நம் இராசத்தான் மாநிலத்துப் பழங்குடிச் சிற்றூரான டோல்-கி-பட்டி, துருக்கியின் கெச்சியோரன், அமெரிக்காவின் சால்ட் லேக் நகரம் ஆகிய நான்கு ஊர்கள் ஆய்வுக்களங்கள். ஓராண்டு முதல் ஈராண்டு வரை வயதுடைய குழந்தைகள் புதிய விளையாட்டுப் பொருளைக் கையாளும்போதும், சட்டை அணியும்போதும், வளர்ப்போர் எவ்வாறு துணைசெய்கின்றனர் என்பதை ஆய்வாளர் கூர்ந்து நோக்கினர்.

அமெரிக்க, துருக்கி நகரத்துத் தாய்மார் பேச்சால் விளக்கினர். விளையாட்டையே ஒரு பாடமாக்கினர். டோல்-கி-பட்டியிலும் சான் பெட்ரோவிலும் நிலைமை வேறு. அங்கே தாய் தன் வேலையையோ பெரியோருடன் பேசும் பேச்சையோ விடவில்லை. கண்பார்வையாலும் தொடுகையாலும் கையசைவாலும் குழந்தைக்கு வழிகாட்டினாள். குழந்தை தடுமாறும்போது உதவ ஆயத்தமாக இருந்தாள். அங்குள்ள குழந்தைகளும் தம் கையிலுள்ள பொருளையும் சுற்றிலும் நிகழ்வனவற்றையும் ஒருசேரக் கவனித்தன. இரண்டும் கற்பித்தலே. ஆயினும் உலகெங்கும் பள்ளிக்கூடங்கள் முதல்வகையை மட்டுமே கற்பித்தல் என ஏற்றுக்கொண்டுள்ளன.

கரிசல் மண்ணில்

அவ்விரு சிற்றூர்களைப் பற்றிப் படிக்குங்கால் நம் ஊர்களே கண்முன் தோன்றுகின்றன. அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறி ஓடும் வீட்டில் ஓசை மிகுதி. அங்கே பேச்சினும் சைகையே விரைந்து சென்று சேரும். தந்தை தறியில் இருக்க, தாய் தார் சுற்ற, அறுந்த இழையை முடிச்சிடும் விரல்களைக் குழந்தை அருகிலிருந்து பார்க்கிறது. எவரும் அதற்குப் பாடம் நடத்துவதில்லை. எனினும் பாடம் நடந்துகொண்டே இருக்கிறது. குண்டாறு ஓடும் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளிலும் அவ்வாறே. பருத்தி எடுப்பவரும், கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவரும் தொலைவிலிருந்தே கையசைத்துச் செய்தி சொல்வர். மௌனத்தாலேயே உபதேசித்தவர் எனப் போற்றப்பெறும் இரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் திருச்சுழி என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இத்தகைய சூழலிலிருந்து வரும் குழந்தை வகுப்பறையில் பக்கத்துப் பிள்ளையின் பலகையைப் பார்க்கிறது; 'காப்பி அடிக்காதே' என்று அதட்டப்படுகிறது. ஆசிரியர் வினவும்போது கையை நீட்டிக் காட்டுகிறது. 'வாயைத் திறந்து சொல்' எனப்படுகிறது. நாளடைவில் 'பின்தங்கிய பிள்ளை' என்ற பெயரும் வந்து சேர்கிறது. வீடு தந்த செல்வத்தைப் பள்ளி குறையாக எண்ணிக் கழிக்கிறது. 2009இல் கொரியா சாவேஸும் ரோகாஃபும் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. உடன்பிறந்தோருக்குப் பொம்மை செய்யக் கற்பிக்கப்படும்போது, தன் முறைக்குக் காத்திருந்த மாயாக் குழந்தை அதனைக் கூர்ந்து பார்த்தே பெரிதும் கற்றுக்கொண்டது. ஆனால் தாயின் பள்ளிப்படிப்பு மிகுந்த வீடுகளில் குழந்தைகளின் அக்கூர்நோக்கு குறைந்திருந்தது. கல்வி வேண்டும், அதற்கு விலையாகக் கண்ணின் கூர்மையை இழக்கவேண்டுமா என்பதே நம் வினா.

மறுப்பும் விடையும்

'ஏழ்மையைப் போற்றிப் பாடுகிறீர்களா?' என்று சிலர் வினவக்கூடும். அன்று. தீப்பெட்டித் தொழிலில் பிஞ்சுக் கைகள் உழைத்த வரலாற்றைக் கொண்ட மாவட்டம் நம்முடையது. பார்த்துக் கற்பது வேறு, பாடுபட்டுத் தேய்வது வேறு என்பதை நாம் நன்கறிவோம்.

வறுமை சைகையையும் குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியராக விளங்கும் மெரிடித் ரோ, சூசன் கோல்டின்-மெடோ என்பாருடன் இணைந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, சிகாகோ நகரத்தின் 50 குடும்பங்களைப் பற்றியது. 14 திங்கள் நிரம்பிய குழந்தைகளை 90 நிமிடம் படம்பிடித்துப் பார்த்தபோது, வளமான வீட்டுக் குழந்தைகள் சராசரியாக 24 பொருள்களைச் சைகையால் உணர்த்தின. வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகள் 13 பொருள்களையே உணர்த்தின. பள்ளியில் சேரும் பருவத்தில் அவர்களின் சொல்வளத்திலும் வேறுபாடு தெரிந்தது. பெற்றோரின் சைகை மிகுந்த வீட்டில் குழந்தையின் சைகையும் மிகுந்திருந்தது.

இது விதியன்று. ரோவும் கேத்ரின் லீச்சும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சுட்டுதலின் பயனை விளக்கும் குறும்படம் ஒன்றைப் பெற்றோருக்குக் காட்டினர். அதன்பின் பெற்றோரும் மிகுதியாகச் சுட்டினர். குழந்தைகளும் மிகுதியாகச் சுட்டின. பொருட்செலவு ஏதுமின்றி எந்த வீட்டிலும் செய்யக்கூடியது இது. இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. நாள்முழுதும் உழைத்துக் களைத்த தாய்க்கு நேரமில்லை. அழும் குழந்தையின் கையில் கைப்பேசி தரப்படுகிறது. அத்திரையில் குழந்தை எதைச் சுட்டினும், 'ஆம், நானும் பார்த்தேன்' என்று சொல்லும் முகம் அங்கில்லை.

வகுப்பறையில் கைகளுக்கு இடம்

மழலைப் பருவத்தோடு சைகையின் பயன் முடிந்துவிடுவதில்லை. கோல்டின்-மெடோ குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குக் கற்கும் சிறுவருள் ஒருசாரார் சொல்லால் மட்டும் விளக்கத்தைத் திரும்பக் கூறினர். பிறர் கையசைவோடு செய்தனர். நான்கு வாரங்களுக்குப்பின் சோதித்தபோது, கையசைத்தோரிடமே கற்றது நிலைத்திருந்தது. கை சிந்தனைக்குத் துணைநிற்கும் கருவி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழகத்தில் 2007 முதல் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஆடல் பாடலுக்கும் செயலுக்கும் கதவு திறந்தன. அவற்றை மனமார வரவேற்கிறோம். எனினும், அமைதியே கல்வி என்னும் பழைய எண்ணம் நம் உள்ளத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

செய்யத்தக்கன

முதலாவது, அங்கன்வாடிப் பணியாளருக்கான பயிற்சியில் குழந்தையின் சைகையை நோக்கிக் குறித்துக்கொள்ளும் முறை இடம்பெறவேண்டும். ஓராண்டு கடந்து சில திங்களாகியும் ஒன்றையும் சுட்டாத, பெயர்சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லவேண்டும். செவிக்குறையோ வளர்ச்சித் தாமதமோ இருப்பின் தொடக்கத்திலேயே அறிந்து உதவ இஃது ஒரு வாயில். நகரத்து மருத்துவமனைக்குத் தொலைவான சிற்றூர்களுக்கு இதன் இன்றியமையாமை சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது, ஆசிரியப் பெருமக்கள் கைகட்டச் சொல்லும் ஆணையைக் கைவிடவேண்டும். குழந்தை சுட்டியதற்குச் சொல்லைத் தருக. அது 'அதோ' என்று விரல் நீட்டினால் 'ஆம், அது கொக்கு. கண்மாய்க்குப் போகிறது' என்று விடையளிக்க. சைகை முளை, சொல் அதன் இலை. முளையைக் கிள்ளிவிட்டு இலையை எதிர்பார்த்தல் தகுமோ?

மூன்றாவது, நம் கல்லூரித் தமிழ் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்பதுபோல், தறிவீட்டிலும் ஆட்டுக்கிடையிலும் வழங்கும் சைகைகளையும், பாட்டிமார் குழந்தைக்குக் கற்பிக்கும் கைவீசல், சாய்ந்தாடல் விளையாட்டுகளையும் கண்டு எழுதுங்கள். மாயா இனத்துக் குழந்தையைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் உள; திருச்சுழிக் குழந்தையைப் பற்றியும் எழுதப்படவேண்டும். அதனை எழுதும் கடமை, இம்மண்ணின் குறிப்பறிந்த உங்களுடையதே.