அழகுக்கு முன் எடையைப் பாருங்கள்

1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய நிலநடுக்கம், அப்பகுதியின் கல் கட்டடங்களைத் தரைமட்டமாக்கியது. அதன் பின்னர் வடகிழக்கில் பரவிய ‘அசாம் வகை’ வீடுகள் எடைக் குறைவையே அடிப்படை விதியாகக் கொண்டன. மரச்சட்டம், நாணலின் மேல் காரை பூசிய சுவர், தகரக் கூரை, அதன் கீழே மூங்கில் பாயாலோ பலகையாலோ அமைந்த உட்கூரை என்பதே அவற்றின் அமைப்பு. நிலம் அதிரும்போது அது வளைந்து கொடுக்கும், எளிதில் சரியாது.

குவாஹாட்டியிலும் ஷில்லாங்கிலும் எஞ்சியுள்ள இவ்வீடுகளைப் புதுப்பிக்க முற்படுவோர், பெரும்பாலும் உட்கூரையிலேயே முதலில் கை வைக்கின்றனர். கறை படிந்த பாயை அகற்றி, ஜிப்சம் பலகை பொருத்தி, விளக்குகளைப் பதித்துவிட்டால் வீடு புதிதாகிவிடும் என்று எண்ணுகின்றனர். இது ஏற்கத்தக்கதன்று என்பதே என் கருத்து.

கறைக்குக் காரணம் மேலே உள்ளது. தகரத்தின் ஆணித்துளைகளில் ஒழுகும் மழைநீரை நிறுத்தாமல் உட்கூரையை மாற்றினால், உத்தரம் உளுத்துப் போவது கண்ணுக்குத் தெரியாது. ஈரம் ஏறிய ஜிப்சமும் வலுவிழக்கும். எடையையும் எண்ண வேண்டும். 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை சதுர மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ வரை இருக்கும், 6 மி.மீ. ஒட்டுப்பலகையோ சுமார் 4 கிலோதான். நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்கப் பகுதியில், தலைக்கு மேலுள்ள ஒவ்வொரு கிலோவும் கணக்கில் சேரும்.

தகரத்தின் வெப்பமும் மழையின் ஓசையும் தாங்க இயலாதவை என்பது உண்மையே. பூச்சித் தடுப்பு செய்த மெல்லிய பலகை, அதன் மேல் இலேசான கண்ணாடி இழைப் போர்வை, அடைபடாத காற்றுத் துளைகள், ஆள் ஏறிப் பார்க்க ஒரு திறப்பு ஆகியவை அக்குறையைப் பெரிதும் தணிக்கும். பழைய உட்கூரை கல்நார்த் தகடாயின், அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு புற்றுநோய் விளைவிப்பது. நனைத்து, முழுத் தகடாகவே பயிற்சி பெற்றோரைக் கொண்டு அகற்ற வேண்டும்.

புதுப்பித்தல் கடன் கோருவோர், கூரை, மரச்சட்டம், மின்கம்பி ஆகியவற்றுக்கு முதலில் தொகை ஒதுக்கி, எஞ்சியதை உட்கூரைக்கு வைத்துக்கொள்வதே முறை. வங்கிகளும் இத்தகைய வீடுகளுக்குக் கடன் வழங்குமுன் கட்டடப் பொறியாளரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். கடன் தவணை பல ஆண்டுகள் நீடிக்கும். வீடு அதைவிட நெடுங்காலம் நிற்க வேண்டுமல்லவா?